லேசர் அறை: பச்சை லேசர், யாக், எஸ்எல்டி அளவுகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

ஸ்லிட்லாம்ப்_புதுசு

வணக்கம். ஆப்டோமெட்ரி முடித்துவிட்டு இப்போது லேசர் அறைப் பொறுப்பில் இருக்கிறேன். ஒரே அறையில் 532 நானோமீட்டர் பச்சை லேசரும், யாக்கும் (திசுவை வெட்டும் லேசர்) எஸ்எல்டியும் (கண் அழுத்தத்தைக் குறைக்கும் லேசர்) சேர்ந்த இன்னொரு மெஷினும் இருக்கின்றன. நான்கு சந்தேகங்கள்:

அ. பச்சை லேசரில் 200 மில்லிவாட், 100 மில்லிசெகண்ட் என்று வைக்கிறார்கள். யாக்கில் 2 மில்லிஜூல் என்கிறார்கள். இந்த இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

ஆ. பிஆர்பிக்கு (சர்க்கரை நோயாளியின் ஓர விழித்திரையில் லேசர் புள்ளிகள் போடுவதற்கு) புள்ளி அளவு 500 மைக்ரான் என்று படித்தேன். இங்கே மெஷினில் 200 அல்லது 250-தான் வைக்கிறார்கள். படித்தது தப்பா, வைப்பது தப்பா?

இ. எதற்குக் கண் பாப்பாவை (ஒளி நுழையும் நடுத் துளையை) விரிக்க வேண்டும், எதற்குச் சுருக்க வேண்டும்? மாறிப்போனால் என்ன ஆகும்?

ஈ. பிஆர்பி முடிந்த சர்க்கரை நோயாளிகள், "லேசர் போட்ட பிறகு பார்வை இன்னும் மங்கலாகிவிட்டதே" என்கிறார்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு யாக் போட்டுக்கொண்ட உறவினரோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

---

விழித்திரை_வாசல்

முதலில் கணக்கு. வாட்டை நேரத்தால் பெருக்கினால் ஜூல். 200 மில்லிவாட் × 0.1 செகண்ட் = 20 மில்லிஜூல். அப்படியென்றால் உங்கள் பச்சை லேசரின் ஒரு ஷாட்டில் யாக் ஷாட்டைவிடப் பத்து மடங்கு ஆற்றல் இருக்கிறது. ஆனால் யாக் தன்னுடைய 2 மில்லிஜூலையும் ஏறத்தாழ 4 நானோசெகண்டில் கொட்டிவிடுகிறது. வகுத்துப் பாருங்கள், 5 லட்சம் வாட். அதுவும் பத்து மைக்ரான் அளவுள்ள ஒரு புள்ளியில். அந்த இடத்தில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு பிளாஸ்மா உண்டாகி, அதிர்வலை கிளம்பித் திசுவைக் கிழிக்கிறது. திசுவில் நிறமி இருக்கிறதா இல்லையா என்பது யாக்குக்குப் பொருட்டே இல்லை. அதனால்தான் கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கும், கண்ணாடி மாதிரி இருக்கும் பையைக்கூட அதனால் வெட்ட முடிகிறது.

பச்சை லேசர் அப்படியில்லை. அதற்கு உறிஞ்சிக்கொள்ள ஒரு நிறமி வேண்டும். விழித்திரையில் அந்த வேலையை ஆர்பிஇ என்ற அடி நிறமி அடுக்கில் உள்ள மெலனின் செய்கிறது. ஒளி அங்கே வெப்பமாகி, மேலே ஒட்டியிருக்கும் கூம்பு, தண்டு செல்களை வேகவைக்கிறது. நாம் பார்க்கும் சாம்பல் வெள்ளைப் புள்ளி அதுதான். ரத்தத்தின் ஹீமோகுளோபினும் பச்சையை நன்றாக உறிஞ்சும். ஆகவே விழித்திரை மேல் ரத்தக் கசிவு இருக்கும் இடத்தில் சுடக் கூடாது. வெப்பம் ஆர்பிஇ வரை போகாமல் மேலடுக்கிலேயே நின்று நரம்பிழைகளைக் கருக்கிவிடும்.

புள்ளி அளவு பற்றி: படித்ததும் சரி, வைப்பதும் சரி. 500 மைக்ரான் என்பது விழித்திரையில் விழ வேண்டிய அளவு. மெஷினில் காட்டும் எண், கண்மேல் வைக்கும் லென்ஸைத் தாண்டும்போது மாறுகிறது. கோல்ட்மன் மூன்று கண்ணாடி லென்ஸில் மாற்றம் மிகக் குறைவு, சுமார் 1.08 மடங்கு. மெயின்ஸ்டர் 165, சூப்பர்குவாட் 160 போன்ற அகலக் காட்சி லென்ஸ்களில் ஏறக்குறைய 2 மடங்கு. எனவே 250 வைத்தால் உள்ளே 500 விழுகிறது. ஆபத்து, லென்ஸை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறப்பதில்தான். அகல லென்ஸுக்கு வைத்த 200 மைக்ரானையும் அதே பவரையும் வைத்துக்கொண்டு கோல்ட்மன் லென்ஸில் சுட்டால் புள்ளியின் விட்டம் பாதியாகும், பரப்பு கால் பங்காகும், ஒரே இடத்தில் இறங்கும் வெப்பம் நாலு மடங்காகும். ஆர்பிஇக்கு அடியிலுள்ள புரூக் சவ்வு கிழிந்து ரத்தம் வரும். பின்னாளில் அந்தக் கிழிசல் வழியே கோராய்டிலிருந்து (அதற்கும் கீழுள்ள ரத்தக்குழாய் அடுக்கு) புது ரத்தக்குழாய் முளைக்கவும் கூடும். லென்ஸ் பெயரையும் பெருக்கத்தையும் ஒரு அட்டையில் எழுதி மெஷினிலேயே ஒட்டி வையுங்கள்.

பழைய முறைப்படி பிஆர்பி என்றால் 500 மைக்ரான், 100 மில்லிசெகண்ட், மொத்தம் 1200 முதல் 1600 புள்ளிகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு புள்ளி அகலம் இடைவெளி. பார்வை நரம்புத் தட்டின் ஓரத்திலிருந்து 500 மைக்ரான் விட வேண்டும். மாகுலாவின் (மையப் பார்வைப் பகுதி) நெற்றிப்பொட்டுப் பக்கம் இரண்டு தட்டு விட்டம் தள்ளித்தான் தொடங்க வேண்டும். கீழ்ப்பாதியை முதல் சிட்டிங்கிலேயே முடித்துவிடுவது நல்லது. இடையில் விட்ரியஸில் (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லில்) ரத்தம் கசிந்தால் அது கீழே போய்த் தங்கும். பிறகு அந்தப் பகுதி நமக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் அடித்துத் தீர்த்தால் கோராய்டில் நீர் கோத்து, மாகுலா வீங்கி, சில கண்களில் முன்னறை ஆழம் குறைந்து அழுத்தமும் ஏறும். ஆகவேதான் இரண்டு மூன்று சிட்டிங், இடையே ஒன்றிரண்டு வாரம்.

பவரை 200 மில்லிவாட் அளவில் தொடங்கி, லேசான சாம்பல் வெள்ளை வரும்வரை ஏற்றுவோம். நிறம் வரவில்லை என்றால் உடனே குமிழைத் திருப்பாதீர்கள் என்று எங்களுக்கும் நினைவூட்டலாம், கோபிக்க மாட்டோம். பெரும்பாலும் காரணம் வேறு: லென்ஸ் சாய்ந்திருக்கும், ஜெல்லில் குமிழி இருக்கும், பாப்பா சரியாக விரிந்திருக்காது, கண்புரை ஒளியைச் சிதறடிக்கும், விழித்திரையே நீர் கோத்துத் தடித்திருக்கும். மங்கலான இடத்துக்காக ஏற்றிய பவரோடு தெளிவான இடத்துக்கு நகர்ந்தால் அடுத்த ஷாட் வெடிக்கும். ரத்தம் வந்தால் லென்ஸைக் கண்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கண் அழுத்தம் ஏறினால் கசிவு நிற்கும். அந்த நேரத்தில் நோயாளியின் தலை பின்னே போகாமல் பிடித்துக்கொள்வது உங்கள் வேலை.

வலி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. 3 மணி, 9 மணித் திசைகளில் நீண்ட சிலியரி நரம்புகள் ஓடுகின்றன. அங்கே சுடும்போது நோயாளி துள்ளுவார். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சொட்டு மருந்து மரப்பு போதாதவர்களுக்குக் கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்கவைத்துத்தான் செய்ய வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன், உங்கள் அறையில் அதிகம் தேவைப்படும் பதில் அதுதான். யாக் போடுவது கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மங்கிய பையில் ஒரு ஜன்னல் திறக்க. தடை விலகுகிறது, பார்வை தெரிகிறது. பிஆர்பி பார்வையைக் கூட்டுவதற்காகப் போடுவதே இல்லை. ஓரத்து விழித்திரையில் ஆக்சிஜனை அதிகம் தின்கிற செல்களில் ஒரு பங்கை நாமே அழிக்கிறோம். கோராய்டின் ஆக்சிஜன் உள்ளடுக்குகளுக்குப் போகிறது, புதுக் குழாய்களை முளைக்கவைக்கும் விஇஜிஎஃப் சுரப்பு குறைகிறது, கண்டபடி முளைத்த புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. கொடுக்கும் விலை: ஓரப் பார்வையும் இருட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையும், சிலருக்குக் கிட்டத்தில் படிப்பதும் கொஞ்ச காலம் சிரமமாகும், சில வாரம் மாகுலா வீங்கி மங்கலாகவும் தெரியலாம். 1976-ல் முடிவுகள் வெளிவந்த டயபெடிக் ரெட்டினோபதி ஸ்டடி, இந்த லேசர் கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியது. அது இழப்பைத் தடுத்த கணக்கு. பார்வை கூடிய கணக்கு இல்லை. லேசருக்குப் பிறகு சொன்னால் சமாதானம் மாதிரி கேட்கும். எனவே சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

---

கோணம்_360

கண்ணின் முன்பாதிக்கு நான் சொல்கிறேன். இ-யிலிருந்து தொடங்குவோம். இந்த நான்கில் கண்ணையே கெடுக்கக்கூடிய தவறு அதில்தான் இருக்கிறது.

பிஆர்பி, விழித்திரைக் கிழிசலைச் சுற்றி லேசரால் வேலி போடுவது ஆகியவற்றுக்குப் பாப்பாவை நன்றாக விரிக்க வேண்டும். யாக் கேப்சுலாட்டமிக்கும் (மங்கிய லென்ஸ் பையில் ஜன்னல் திறப்பது) பொதுவாக விரிப்போம். ஆனால் விரிப்பதற்கு முன்னால் பாப்பாவின் நடு எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். விரிந்த பிறகு நடு நகர்ந்துவிடும், ஜன்னல் ஓரமாகத் திறக்கும். எஸ்எல்டிக்கு விரிக்கக் கூடாது, பெரும்பாலும் சுருக்கவும் தேவையில்லை. ஐரிஸில் லேசரால் ஓட்டை போடும் ஐரிடாட்டமிக்கு, அதாவது நீங்கள் பிஐ என்று எழுதுவதற்கு, பைலோகார்பின் 2 சதவீதம் போட்டு அரை மணி நேரம் போல இருக்கவைத்துச் சுருக்க வேண்டும். ஐரிஸ் இழுபட்டு மெலிந்தால்தான் சுலபமாக ஓட்டை விழும்.

இப்போது மாறினால்: பிஆர்பி நோயாளிக்குப் பைலோகார்பின் போனால் அன்றைய சிட்டிங் வீண், அவ்வளவுதான். பிஐக்கு வந்தவருக்கு விரிக்கும் மருந்து போனால் கண்ணின் நீர் வடியும் குறுகிய கோணம் முழுதாக அடைத்துக்கொண்டு, அழுத்தம் திடீரென்று எகிறும் அக்யூட் அட்டாக்கே வரலாம். வரிசையில் இரண்டு வகையினரும் கலந்து உட்கார்ந்திருக்கும் நாளில் இது நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. நெற்றியில் எந்தக் கண் என்று குறிப்பதோடு "விரி" அல்லது "சுருக்கு" என்றும் எழுதி ஒட்டுங்கள். அசிங்கமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

கேப்சுலாட்டமி: 1 முதல் 2 மில்லிஜூலில் தொடக்கம், ஒரு ஷாட்டுக்கு ஒரே பல்ஸ். குவியத்தைப் பையிலிருந்து பின்னால் 150 முதல் 250 மைக்ரான் தள்ளி வைக்கிறோம். அதிர்வலை முன்னோக்கிப் பரவுவதால் பின்னால் வெடித்தாலும் பை கிழியும், உள்வைத்த லென்ஸில் குழி விழாது. இழுவிசைக் கோடுகள் தெரியும் இடத்தில் அடித்தால் பை தானாகப் பிளந்துகொள்ளும். 3 முதல் 4 மில்லிமீட்டர் திறப்பு போதும். செய்வதற்கு முன் மங்கலுக்குக் காரணம் உண்மையில் பைதானா என்று மாகுலா ஓசிடி ஸ்கேனையும் பார்த்துவிட வேண்டும். மல்டிஃபோகல் (பல தூரத்துக்கான) லென்ஸ் பிடிக்காமல் குறை சொல்பவருக்கு அவசரப்பட்டு யாக் போடுவது பெரிய சிக்கல். பை திறந்துவிட்டால் பிறகு லென்ஸை மாற்றுவது கடினம்.

பிஐ: மேல் இமைக்கு அடியிலோ நெற்றிப்பொட்டுப் பக்கமோ, ஐரிஸின் வெளி மூன்றில் ஒரு பங்கில் ஒரு பள்ளமான இடம். ஏப்ரஹாம் லென்ஸ், 3 முதல் 6 மில்லிஜூல். ஓட்டை விழுந்ததும் நிறமியோடு நீர் முன்னே பொங்கி வரும், அதைப் பார்த்தால் அடையாளம் தவறாது. அகலம் 150 முதல் 200 மைக்ரானாவது வேண்டும். பின்னால் இருந்து ஒளி ஊடுருவித் தெரிகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். மெலிந்த ஐரிஸிலும் ஒளி தெரியும். ஓட்டை வழியே, உள்ளிருக்கும் லென்ஸின் முன்பரப்பு கண்ணால் தெரிய வேண்டும். தடித்த பழுப்பு ஐரிஸில் வெறும் யாக் போட்டால் ரத்தம் அதிகம். முதலில் பச்சை லேசரில் 50 மைக்ரான் புள்ளியால் குழி பறித்து, குழாய்களையும் உறையவைத்துவிட்டு, கடைசி அடுக்கை மட்டும் யாக்கால் உடைப்பது நல்ல முறை. குமிழி ஒட்டிக்கொண்டால் அதன் வழியே சுடக் கூடாது, கார்னியாவின் உள்பக்கம் வெந்துபோகும்.

கோணம் குறுகியிருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லாருக்கும் பிஐ போடுவதை நான் ஏற்பதில்லை. குவாங்சோவில் 889 பேரின் ஒரு கண்ணுக்கு லேசர் போட்டு, மறு கண்ணை விட்டுவைத்துப் பார்த்த ஜாப் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. ஆயிரம் கண்-ஆண்டுக்கு (ஆயிரம் கண்களை ஓராண்டு கவனித்தால்) சுமார் 8 என்றிருந்த கோண அடைப்புப் பாதிப்பு சுமார் 4 ஆனது. பாதியாகக் குறைந்தது உண்மை. தொடக்கத்திலேயே எவ்வளவு குறைவு என்பதையும் பாருங்கள். அழுத்தம் ஏற்கெனவே ஏறியவர்கள், ஒரு கண்ணில் அட்டாக் வந்தவர்களின் மறு கண் ஆகியவை வேறு கதை. அங்கே தயக்கமே கூடாது.

எஸ்எல்டி: இதுவும் 532தான், ஆனால் 3 நானோசெகண்ட் பல்ஸ், 400 மைக்ரான் நிலையான புள்ளி. உங்கள் பச்சை லேசரின் அதே நிறம், நேரம் மட்டும் மூன்று கோடி மடங்கு குறைவு! கோணத்திலுள்ள வடிகட்டித் திசுவில் நிறமியுள்ள செல்லுக்குள்ளேயே வெப்பம் அடங்கிவிடுகிறது, பக்கத்துத் திசு வேகாது. 0.8 மில்லிஜூலில் தொடங்கி, சின்னச் சின்னக் குமிழிகள் வருகிற அளவுக்கு ஏற்றி, பிறகு கொஞ்சம் குறைத்துச் சுற்றி வருவோம். 360 டிகிரிக்குச் சுமார் 100 ஷாட். கோணத்தில் நிறமி மிக அதிகமுள்ளவர்களுக்கு 0.4 அளவிலேயே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் எகிறும். பலன் தெரிய 4 முதல் 6 வாரம். மறுநாளே அழுத்தம் குறையவில்லை என்று நோயாளி சொட்டு மருந்தைப் பற்றிக் கேட்டால், மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். 2019-ல் வந்த லைட் ஆய்வில், எஸ்எல்டியை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களில் சுமார் 74 சதவீதம் பேர் 3 ஆண்டு முடிவில் சொட்டு மருந்தே இல்லாமல் இலக்கு அழுத்தத்தில் இருந்தார்கள்.

மூன்றுக்கும் பொதுவானது: முன்னும் பின்னும் அழுத்தம் ஏறாமல் தடுக்கும் பிரிமோனிடின் அல்லது ஆப்ராக்ளோனிடின் ஒரு சொட்டு. ஒரு மணி நேரம் கழித்து அழுத்தம் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

---

பயோமெட்_கைவிரல்

டாக்டர்கள் சொல்லாத மெஷின் பக்கம்:

பிஐக்கு 3 பல்ஸ் வைத்திருப்பார்கள். அடுத்து கேப்சுலாட்டமி நோயாளி உட்காருகிறார். பல்ஸ் எண்ணிக்கை 3-லேயே இருக்கிறது, குவியத் தள்ளல் பூஜ்யத்தில் இருக்கிறது. உள்வைத்த லென்ஸில் குழி விழ இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் பல்ஸ், குவியத் தள்ளல், மில்லிஜூல் மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள்.

ஐபீஸ். ஒரு டாக்டர் போய் இன்னொருவர் உட்கார்ந்தால் அவருடைய கண் பவருக்கு ஐபீஸைத் திருப்பியே ஆகவேண்டும். திருப்பாவிட்டால் அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தளமும் லேசர் குவியும் தளமும் வேறு வேறாக இருக்கும். பச்சையில் புள்ளி ஓரம் மங்கும், அவர் லேசர் பவரை ஏற்றுவார். யாக்கில் குறியே தப்பும். யாக்கின் சிவப்புக் குறிப்புள்ளிகள் இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம்தான் குவியம். காலையில் வெப்பத் தாளில் ஒரு ஷாட் அடித்து, துளை அதே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி. பச்சைக்கான ஆரஞ்சுக் கண்ணாடி யாக்கின் 1064 நானோமீட்டர் ஒளியைத் தடுக்காது. யாக்குக்கானது பச்சையைத் தடுக்காது. சட்டத்தில் அச்சிட்டிருக்கும் அலைநீளத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு விழுகிற ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். டாக்டருக்கு மெஷினுக்குள்ளேயே ஃபில்டர் இருக்கிறது, பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு இல்லை. ஷாட் இல்லாத நேரமெல்லாம் ஸ்டாண்ட்பை, அறையை விட்டுப் போனால் சாவி கையில்.

பவர் திடீரென்று போதவில்லை என்றால் ஃபைபரைப் பாருங்கள். நாற்காலிச் சக்கரம் ஏறியிருக்கும், அல்லது இறுக்கமாக மடித்துச் சொருகியிருப்பார்கள். கான்டாக்ட் லென்ஸை ஸ்பிரிட்டாலோ அசிட்டோனாலோ துடைக்காதீர்கள், பூச்சு போய்விடும். பயன்படுத்திய உடனே, ஜெல் காயும் முன் கழுவி, தயாரிப்பாளர் சொன்ன கிருமிநாசினியில் சொன்ன நேரம் மட்டும் ஊறவையுங்கள்.

---

ஸ்லிட்லாம்ப்_புதுசு

அனைவருக்கும் நன்றி. விழித்திரை டாக்டரிடம் இரண்டு துணைக்கேள்விகள். எங்கள் மெஷினில் பேட்டர்ன் வசதி இருக்கிறது, 20 மில்லிசெகண்டில் ஒரே மிதியில் ஒரு கட்டமே விழுகிறது. அதற்கும் 1200 முதல் 1600 புள்ளிதானா? மேலும், "கண்ணுக்குள் போடும் ஊசியே போதும், லேசர் வேண்டாம்" என்று சிலர் கேட்கிறார்கள்.

---

விழித்திரை_வாசல்

அதே எண்ணிக்கையில் நிறுத்தினால் குறைச் சிகிச்சை. 20 மில்லிசெகண்டில் வெப்பம் பக்கவாட்டில் பரவ நேரமில்லை, வலி குறைவு, தழும்பும் ஆறும்போது சுருங்கிச் சின்னதாகிறது. அதனால் பவரும் கூட வேண்டும், எண்ணிக்கையும் 2000, 3000 என்று போகும், கடுமையான பிடிஆரில் (புது ரத்தக்குழாய் முளைத்த சர்க்கரை விழித்திரை நோய்) அதற்கும் மேல். இன்னொன்று, ஓரத்தில் விழித்திரை வளைந்திருப்பதால் பெரிய கட்டம் போட்டால் ஒரு மூலை வெள்ளையாகவும் மறு மூலை ஒன்றும் தெரியாமலும் இருக்கும். அங்கே சின்னக் கட்டமாகக் குறைத்துக்கொள்வோம்.

ஊசி பற்றி: 2015-ல் வெளிவந்த புரோட்டோகால் எஸ் ஆய்வில், பிடிஆருக்கு விஇஜிஎஃபைத் தடுக்கும் ரானிபிசுமாப் ஊசி 2 ஆண்டு முடிவில் பிஆர்பிக்குச் சளைக்கவில்லை, ஓரப் பார்வை இழப்பும் குறைவு. மாகுலா வீக்கமும் சேர்ந்திருந்தால் ஊசியே முதலில். ஆனால் ஊசியின் பலன் அடுத்த ஊசி வரைதான். சர்க்கரை நோயாளி வேறு உடல்நலக் காரணத்தால் சில மாதம் வராமல் போய்விட்டால், அடங்கியிருந்த குழாய்கள் மறுபடி கிளம்பி, விழித்திரையை இழுத்துப் பிரித்த நிலையில் வருகிறார்கள். லேசர் தழும்பு எங்கும் போகாது. எனவே தவறாமல் வருவார் என்று உறுதியில்லாதவருக்கு நான் லேசரைத்தான் சொல்வேன். உங்கள் குறிப்பேட்டில் கடந்த ஓராண்டு எத்தனை தேதி தவறியிருக்கிறார் என்று பார்த்து, பரிசோதனைக்கு அனுப்பும்போதே ஃபைலில் எழுதி அனுப்புங்கள்.

---

கோணம்_360

ஒரு சேர்க்கை. யாக் முடிந்தவர், கிழிசலுக்கு வேலி போட்டவர் இருவருக்கும் எச்சரிக்கைச் சீட்டு தனித்தனியாக இருக்கட்டும். யாக்குக்குப் பிறகு சில நாள் மிதக்கும் புள்ளி சகஜம்; மின்னல் மாதிரி ஒளி, புள்ளிகள் திடீரென்று பெருகுவது, ஓரத்திலிருந்து திரை விழுவது என்றால் அன்றே வர வேண்டும். வேலி போட்டவருக்குப் பற்றுதல் முழுப் பலம் பெற 10 முதல் 14 நாள் ஆகும், மூன்று வரிசை சுட்டிருந்தாலும் சரி. அதுவரை பளு தூக்குதல், குதித்து ஆடும் விளையாட்டு கூடாது என்று எழுதுங்கள்.